முற்றத்துத் தோட்டத்திற்கு நீர் ஊற்றுவது யார்?

‘வீட்டுக்கு ஒரு மரம் வளர்ப்போம்’ என்று சுவர்களில் எழுதியிருப்பதைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். மரம் வைக்க இடமில்லாத வீட்டில் வாழ்பவர்கள் என்ன செய்வது? ‘தொட்டியில் காய்கறி வளருங்கள்’ என்பதே எல்லோரும் கூறும் விடை. செலவு மிச்சமாகும், மருந்து தெளிக்காத காய் கிடைக்கும், பொழுதும் இனிமையாகக் கழியும் என்று மூன்று நன்மைகளை அடுக்குவார்கள். ஒன்பதாம் வகுப்பில் நடந்த கட்டுரைப் போட்டியில் நானும் இவற்றையே எழுதிப் பரிசும் பெற்றேன். அப்போது எங்கள் வீட்டில் ஒரு தொட்டிகூட இல்லை!

பரிசு பெற்ற பின் சும்மா இருக்கலாமா? அந்தத் தை மாதமே தொடங்கினேன். அன்று முதல் இன்று வரை கண்டதை வைத்துப் பார்க்கும்போது என் கருத்து மாறிவிட்டது. தோட்டம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அதை யார் வளர்க்க வேண்டும், எவ்வளவு வளர்க்க வேண்டும் என்பதைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருப்பது வாடகை வீடு. பத்தடிக்கு எட்டடி முற்றம், சிமெண்டுத் தரை. ஒரு மூலையில் துவைக்கும் கல். காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை வெயில் விழும். காய்க்கும் செடிகளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். கீரைக்கு அதிலும் குறைவாக இருந்தாலும் போதும். ‘தரை ஊறக் கூடாது’ என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், செங்கல் அடுக்கி அதன்மேல் தொட்டிகளை வைத்தேன். தொட்டி என்றால் காசு கொடுத்து வாங்கியவை அல்ல. உடைந்த வாளி, எண்ணெய் டின், அரிசிச் சாக்கு என்று பதினான்கு சேர்த்தேன்.

வெறும் மண்ணைத் தொட்டியில் நிரப்பினால் நாளடைவில் செங்கல் போல இறுகிவிடும். ஆகவே செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, நன்கு அலசிய தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு என்று கலந்தேன். அடியில் துளையிட்டு, அதன்மேல் ஓட்டுச் சில்லு வைத்தேன். கீரைக்கு அரையடி ஆழம் போதும். தக்காளி, கத்தரி, வெண்டைக்கு ஓரடியாவது வேண்டும். முளைக்கீரை 25 நாளில் பறிப்புக்கு வந்தது. வெண்டை ஒன்றரை மாதத்தில் பூத்தது. அசுவினியும் மாவுப்பூச்சியும் வந்தபோது, ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலை வேளையில் தெளித்தேன்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். ஆனி மாத இறுதியில் கூட்டிப் பார்த்தால் தக்காளி ஐந்து கிலோ, கத்தரி மூன்று கிலோ, கீரை ஒன்பது கட்டு! வெண்டைக்காயோ ஒரு நாளைக்கு மூன்று, நான்கு என்று வரும். ஐந்து பேர் உள்ள வீட்டில் அதை வைத்து என்ன பொரியல் செய்வது? சித்திரை வெயிலில் தக்காளிப் பூக்கள் பாதி உதிர்ந்துபோயின. விதைக்கும் உரத்திற்கும் மட்டும் 640 ரூபாய் செலவாகியிருந்தது. “பக்கத்திலேயே ஒட்டன்சத்திரம் மார்க்கெட் இருக்கு. ஊருக்கெல்லாம் காய் அங்கிருந்து போகுது. நீ இங்கே சாக்குல விவசாயம் பண்றே” என்று அப்பா சிரித்தார். 2023-ஆம் ஆண்டு ஜூலையில் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதை நினைவூட்டி அவருடன் வாதாடினேன். ஆனால் விலை ஏறும் நாள் பார்த்தா செடி காய்க்கிறது? செலவு மிச்சம் என்பது பாதி உண்மைதான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

மறுபாதியை அறிந்த நாளை என்னால் மறக்க முடியாது.

தரையில் நிற்கும் செடி வேரை நீட்டி ஈரத்தைத் தேடிக்கொள்ளும். தொட்டிச் செடிக்கு அந்த வழி இல்லை. நான்கு பக்கமும் வெயில் சுட, உள்ளிருக்கும் மண் விரைவில் காய்ந்துவிடும். கோடையில் ஒரு தொட்டிக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டால் பதினான்கு தொட்டிக்கு 28 லிட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டு குடம். எங்கள் தெருவிலோ கோடையில் தினமும் குழாயில் தண்ணீர் வராது. வரும் நாளிலும் விடியுமுன் தெருமுனைக்குப் போய்ப் பிடித்து வந்து, அண்டாவில் நிரப்பிவைத்துப் புழங்க வேண்டும்.

ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு வந்தது. படிப்பில் மூழ்கிச் செடிகளை மறந்தே போனேன். ஆனால் அவை வாடவில்லை. ‘நல்ல மண் கலவை, அதனால்தான் தாங்குகிறது’ என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன். ஒருநாள் கணக்குத் தேர்வுக்குப் படிக்க நாலரை மணிக்கே எழுந்தேன். முற்றத்தில் அம்மா இடுப்பில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, சற்று மூச்சு வாங்கி, பிறகு ஒவ்வொரு தொட்டியாக ஊற்றினார்கள்.

“ஏம்மா, என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?” என்றேன்.

“நீ படிக்கிற பிள்ளை. செடி வாடிட்டா உன் மனசும் வாடிப்போகுமேன்னுதான்” என்றார்கள்.

அதற்கு முந்தின வாரம்தான் வீட்டுக்கு வந்த அத்தை, “இது யார் போட்ட தோட்டம்?” என்று வியந்து கேட்டபோது, “எல்லாம் என் மக போட்டது” என்று அம்மா சொல்லக் கேட்டு மகிழ்ந்திருந்தேன். அன்று காலை கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு வேறொரு கணக்குப் போட்டேன். நாளுக்கு இரண்டு குடம் என்றால் அறுபது நாளைக்கு 120 குடம். என் நோட்டில் விதைக்கு இடம் இருந்தது, உரத்திற்கு இடம் இருந்தது. அம்மாவின் இடுப்பு வலிக்கு இடம் இல்லை.

தோழியரே, நம் வீடுகளில் மகள் வைத்த செடியும், தந்தை ஆசையாக வாங்கிவந்த செடியும் கடைசியில் யார் பொறுப்பில் விடப்படுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். சமையல், துணி, பாத்திரம் என்று ஏற்கெனவே வேலை நிறைந்த கைகளுக்கு இன்னொரு வேலையைக் கொடுத்துவிட்டு, அதற்கு ‘இயற்கையை நேசித்தல்’ என்று பெயர் வைத்துக்கொள்ளலாமா? தன் கையால் எத்தனை தொட்டிக்கு நீர் ஊற்ற முடியுமோ அத்தனை தொட்டிதான் ஒருவர் வைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பார்கள். ஆடியில் மீண்டும் விதைத்தபோது ஐந்து தொட்டிகள் மட்டும் வைத்தேன். மூன்று எனக்கு, இரண்டு தம்பிக்கு. “ஆம்பிளைப் பிள்ளை குடம் தூக்குறதா?” என்று அப்பத்தா முகத்தைச் சுளித்தார்கள். “ஒட்டன்சத்திரத்தில் காய் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் ஆம்பிளைகள்தானே, அப்பத்தா?” என்று கேட்டேன். அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அரிசியும் பருப்பும் கழுவிய நீரைத் தனி வாளியில் சேர்க்கிறோம். மண்ணின் மேல் காய்ந்த சருகைப் பரப்பி ஈரத்தைக் காக்கிறோம். வெயில் ஏறுமுன் ஊற்றிவிடுகிறோம். அண்டாத் தண்ணீரில் இப்போது ஒரு குடம்கூடத் தோட்டத்திற்குத் தேவைப்படுவதில்லை.

‘பத்தாம் வகுப்பில் இதெல்லாம் எதற்கு?’ என்று சில பெற்றோர் நினைக்கலாம். நம் பாடத்தில் வரும் மெண்டல் ஒரு துறவி. 1856 முதல் 1863 வரை தம் மடத்துத் தோட்டத்திலேயே பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்து, 1866-இல் முடிவுகளை வெளியிட்டார். அவற்றுள் சில செடிகளைத் தொட்டியில் வளர்த்தும் சோதித்துப் பார்த்தார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. சிறிய இடம் அறிவுக்குத் தடையில்லை. தினமும் பத்து நிமிடம் செடிக்குக் கொடுப்பதால் என் மதிப்பெண்ணும் குறைந்துவிடவில்லை.

இன்னொன்றும் கற்றேன். 15 ரூபாய்க் கீரைக்கட்டை ‘பத்துக்குக் கொடு பாட்டி’ என்று இப்போது என்னால் பேரம் பேச முடிவதில்லை. அந்தக் கட்டுக்குப் பின்னால் 25 நாள் நீர் ஊற்றிய கை ஒன்று இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போயிற்று. அப்போது நான் சிறுமி. அதைச் செய்தியாகக் கேட்டதோடு சரி. குடத்தைத் தூக்கிய பின்புதான் நீரின் கனம் தெரிகிறது.

நிறைவாக நம் அருட்சகோதரியருக்கு ஒரு பணிவான வேண்டுகோள். நம் பள்ளி உள்முற்றத்தில் வெயில் நன்றாக விழுகிறது. வகுப்புக்கு இரண்டு தொட்டி வைக்க அனுமதி தாருங்கள். ஆனால் நீர் ஊற்றும் வேலையை ஆயா அம்மாக்களிடம் விட வேண்டாம். இரவெண் வரிசைப்படி மாணவியராகிய நாங்களே ஊற்றுகிறோம். எந்த வகுப்பு மறக்கிறதோ அந்த வகுப்புச் செடி வாடட்டும். மறைவாக வேறு யாரும் வந்து அதைக் காப்பாற்ற வேண்டாம். வாடிய செடியைப் பார்த்து நாங்கள் வெட்கப்படுவோம். அந்த வெட்கமும் எங்களுக்கு வேண்டிய கல்விதான்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி