சின்னச் சாவியில் சிக்கனம் வேண்டாம்

ஏர்கன் வைத்திருக்கும் உழவர்கள் ஈயக் குண்டு வாங்கத் தயங்குவதில்லை. எண்ணெய் வாங்கவும் தயங்குவதில்லை. அதன் திருகாணிகளைக் கழற்றிப் பூட்டும் ஆலன் கீயை மட்டும் கடையில் உள்ளதிலேயே மலிவானதாகப் பார்த்து வாங்குகிறார்கள். சிலர் அதுவும் இல்லாமல், தேய்ந்துபோன ஒரே சாவியை வைத்துக் கொண்டு எல்லாத் திருகாணியையும் நெம்புகிறார்கள். இது சிக்கனம் அல்ல, செலவுக்கு வழி என்பதே என் கருத்து.

பழைய ஏர்கன்களில் நேர்க்கோட்டுப் பள்ளம் உள்ள திருகாணிகளே மிகுதி. சாதாரண ஸ்குரு டிரைவர் போதும். இப்போது வரும் பல மாதிரிகளில் கட்டைப் பிடியைக் குழலோடு சேர்க்கும் திருகாணி, தொலைநோக்கியைப் பிடிக்கும் வளையத் திருகாணி, விசையைச் சரிசெய்யும் சிறு திருகாணி ஆகியவை அறுகோணப் பள்ளம் கொண்டவை. ஸ்பிரிங் வகைத் துப்பாக்கி சுடும்போது முன்னும் பின்னும் உதறும். அந்த உதறலில் திருகாணிகள் இளகும். வளையம் இளகினால் குறி தப்பும். ஆகவே, அடிக்கடி சாவி போட வேண்டியிருக்கிறது.

எது சரியான அளவு?

சிறிய வேலைக்கு 1.5, 2, 2.5, 3, 4 மில்லிமீட்டர் ஆகிய ஐந்து அளவுகள் முக்கியம். 3 மி.மீ. மரை உள்ள உருளைத் தலைத் திருகாணிக்கு 2.5 சாவி, 4 மி.மீ. மரைக்கு 3 சாவி, 5 மி.மீ. மரைக்கு 4 சாவி என்பது பொதுக் கணக்கு. தலையில்லாத கிரப் ஸ்குருவுக்குச் சாவி இன்னும் சிறிது: 3 மி.மீ. மரைக்கு 1.5, 4 மி.மீ. மரைக்கு 2, 5 மி.மீ. மரைக்கு 2.5.

குழப்பம் வருவது அங்குல அளவால்தான். அமெரிக்க முறையில் செய்த தொலைநோக்கிப் பிடிகளில் அங்குலச் சாவி வேண்டியிருக்கும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்பது 3.175 மி.மீ. அந்தப் பள்ளத்தில் 3 மி.மீ. சாவி நுழையும், ஆனால் ஆடும். 2.5 மி.மீ. பள்ளத்தில் முப்பத்திரண்டில் மூன்று பங்குச் சாவியைப் போட்டால் அதுவும் ஆடும். அதன் அளவு 2.38 மி.மீ.தான். சாவி ஆடும்போது விசை முழுவதும் ஆறு மூலைகளின் நுனியில் விழுகிறது. மூலை மழுங்கிப் பள்ளம் வட்டமாகிவிடும். பிறகு லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

எனவே மி.மீ. செட் ஒன்றும், தேவைப்பட்டால் அங்குல செட் ஒன்றும் தனித்தனியே வைத்துக் கொள்வது நல்லது. இரண்டையும் ஒரே டப்பாவில் கலந்து போடக் கூடாது. ஒன்றின் வளைவில் சிவப்புப் பெயிண்ட் தடவி வைத்தால் அடையாளம் தெரியும்.

வாங்கும்போது

சிவகாசியில் ஆப்செட் அச்சகங்கள் நிறைய இருப்பதால் நல்ல ஆலன் கீக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. அச்சு இயந்திர மெக்கானிக்குகள் வாங்கும் கடையிலேயே கேளுங்கள். குரோம் வனேடியம் போன்ற கடினமாக்கிய எஃகுச் சாவியாக இருக்கட்டும். அளவு அதிலேயே பொறித்திருக்க வேண்டும். நுனி சதுரமாக வெட்டப்பட்டு, மூலைகள் கூர்மையாக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். உருண்டை நுனிச் சாவி, சாய்வாகப் போட்டுச் சுழற்ற வசதியானது. ஆனால் கடைசி முறுக்குக்கும் இறுகிய திருகாணிக்கும் அது ஆகாது, கழுத்தில் முறியும். கத்திபோல் மடக்கும் செட் சட்டைப் பைக்கு வசதி; இடுக்கில் நுழையாது. என்னைக் கேட்டால், சாதாரண எல் வடிவச் சாவியே மேல்.

திருகும்போது

பள்ளத்தில் உள்ள மண்ணை ஊசியால் தோண்டி எடுத்துவிட்டு, சாவியை அடிவரை இறக்க வேண்டும். சிறு திருகாணியை இறுக்க நீளக் கையைப் பிடித்து முறுக்கக் கூடாது. குட்டைக் கையை விரலால் முறுக்கும் பலமே போதும். நுனி தேய்ந்த சாவியைத் தூக்கி எறிய வேண்டாம். சாணைக் கல்லில் தேய்ந்த பாகத்தை நேராகத் தேய்த்து எடுத்தால் அடுத்த பாகம் புதுச் சாவிதான். இடையிடையே தண்ணீரில் நனைக்க வேண்டும். நீலம் பாயும் அளவுக்குச் சூடேறினால் பதம் போய்விடும்.

ஒரு வரம்பும் உண்டு. வெளித் திருகாணிகளோடு நிறுத்திக் கொள்ளுங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியின் உள்ளே ஸ்பிரிங் எப்போதும் அழுத்தத்திலேயே இருக்கிறது. பின் மூடியைக் கழற்றினால் அது முகத்தில் பாயும். காற்று அடைத்து வைக்கும் வகையில், காற்றை முழுவதும் வெளியேற்றாமல் எந்தத் திருகாணியையும் தொடக் கூடாது. துப்பாக்கியில் குண்டு இல்லை என்று பார்த்த பிறகே சாவியை எடுக்க வேண்டும். இன்னொன்று: மக்காச்சோளத்தில் மயில் இறங்குகிறது என்ற கோபம் நியாயமே. ஆனால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைச் சுட்டால் சிறைதான்.

புல்லியில் ஓர் உயிர்

இந்தச் சாவி துப்பாக்கிக்கு மட்டும் உரியதல்ல. மருந்தடிக்கும் இயந்திரம், களை எடுக்கும் கருவி, தீவனம் நறுக்கும் இயந்திரம் என்று எங்கும் இதே திருகாணிதான். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரைச் சேர்ந்த வில்லியம் ஆலன் 1910இல் இதற்குக் காப்புரிமை பெற்றபோது அதைப் பாதுகாப்புத் திருகாணி என்றே விற்றார்கள். அதற்கு முன் புல்லியை இருசோடு பிடிக்கும் திருகாணியின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுழலும்போது தொழிலாளியின் துணியைப் பற்றி இழுத்துவிடும். தலையைப் புல்லிக்குள் மறைப்பதற்காகவே அறுகோணப் பள்ளம் வந்தது. நம் ஊரில் என்ன நடக்கிறது? சாவி இல்லாததால் பள்ளம் மழுங்குகிறது. கிரப் ஸ்குரு போன இடத்தில் கிடைத்த போல்ட்டை நீளமாகப் போட்டு முறுக்கிவிடுகிறோம். துண்டோ சேலை முந்தானையோ அதில் மாட்டினால் என்னவாகும்? நல்ல சாவி வாங்கச் சொல்வது பணத்துக்காக மட்டும் அல்ல.

ஆலைக்குள் கூடாது

நம் வட்டாரத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கம் காலையில் காட்டுக்கும் பிறகு பட்டாசு ஆலைக்கும் போகிறவர்கள் உண்டு. காட்டில் வேலை பார்த்த சாவிக்கொத்து மடியிலேயே இருந்துவிடும். எஃகுச் சாவி சிமென்ட் தரையில் விழுந்தாலே பொறி பறக்கலாம். மருந்து அறையில் பித்தளை, செம்பு, மரம் போன்ற பொறி உண்டாக்காத கருவிகளே ஆகும். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நேர்ந்ததை அறிந்தவர்களுக்குப் பொறி என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. சாவிக்கு வீட்டில் ஓர் ஆணி அடித்து, வேலை முடிந்ததும் அங்கே மாட்டிவிடுங்கள். ஆலைக்குப் புறப்படும்முன் ஆணியில் சாவிக்கொத்து இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. மானியத்தில் வழங்கப்படும் ஒவ்வொரு பண்ணைக் கருவியோடும் அதற்குரிய ஆலன் கீ செட் ஒன்றும், எந்தத் திருகாணிக்கு எந்த அளவு என்று தமிழில் அச்சிட்ட அட்டை ஒன்றும் தரும்படி வேளாண்மைப் பொறியியல் துறை விற்பனையாளர்களைக் கட்டாயப்படுத்த வேண்டும். இயந்திரத்தின் விலையோடு பார்த்தால் அதற்காகும் செலவு மிகச் சொற்பம். அட்டை அச்சிட ஊர் தேடி அலையவும் வேண்டாம், சிவகாசி இருக்கிறது.