மீண்ட குரலுக்கு உடையவர் யார்?

கழுத்து அறுபட்டுக் கிடந்த ஒரு பெண், தன்னைத் தாக்கியவன் யாரெனக் கேட்டோருக்குச் சைகையால் விடை கூறினாள், ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டபொழுது தலையசைத்தாள், பின்னர் இறந்தாள். வாய் திறந்து ஒரு சொல்லும் உரையாத அவளுடைய சைகை 'சொல்' ஆகுமா? இவ்வினா இலங்கை நீதிமன்றத்திலிருந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. ஆகும் என்பதே முடிபு. 1937 ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளிற் சந்திரசேகரா வழக்கு எனப் பதிவாகியுள்ள அத்தீர்ப்பை நம் நாட்டிற் சான்றுச் சட்டம் பயின்றோர் அறிவர். நமது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 119 ஆம் பிரிவும், பேச இயலாத சாட்சி எழுத்தாலோ சைகையாலோ பிறர் விளங்குமாறு தெரிவிப்பதை வாய்மொழிச் சான்றாகவே கொள்கின்றது. நா அசையாவிடினும் மனிதன் பேசுவான். அப்பேச்சுக்குச் செவிசாய்த்தல் நீதியின் கடன். இக்கொள்கை நமக்குப் புதிதன்று.

இன்று எழுந்திருப்பது அதனினும் பெரிய வினா. சைகையும் செய்யமாட்டாத மனிதனின் மூளையில் மின்வாய்களைப் பொருத்தி, அவன் சொல்ல முயலும் சொல்லைக் கணனியால் அறிந்து, திரையில் எழுத்தாகவும் ஒலிபெருக்கியிற் குரலாகவும் வெளியிடும் முறை அமெரிக்க ஆய்வுகூடங்களிற் கைகூடியுள்ளது. இதனை வியந்து நிற்பதோடு அமையாது, சட்டக் கண்கொண்டும் நோக்குதல் வேண்டும் என்பது எமது துணிபு.

மூளைத்தண்டைத் தாக்கும் பாரிசவாதத்தாலோ, இயக்க நரம்பணு நோயாலோ நாவிழந்தோர் பலருக்கு அறிவு கெடுவதில்லை. நமது கமக்காரர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். கிணற்றில் நீர் வற்றவில்லை, வாய்க்கால் இடிந்துபோயிற்று, ஆதலாற் பயிருக்கு நீர் எட்டவில்லை. நாவையும் உதட்டையும் தாடையையும் குரல்வளையையும் இயக்கும் மூளைப்பகுதி இன்னும் கட்டளை பிறப்பித்துக்கொண்டேயிருக்கின்றது. தசையை அது சென்றடைவதில்லை. மின்வாய்கள் கிணற்றடியிலேயே அக்கட்டளையை ஏந்திப் புதியதொரு வாய்க்கால் வழியே கொண்டுசெல்கின்றன.

இத்தகையோரின் முன்னைய நிலையை எண்ணிப் பாருங்கள். 1995 இல் பாரிசவாதத்தால் உடல் முழுதும் செயலிழந்த பிரெஞ்சுப் பத்திரிகையாசிரியர் ஜோன் டொமினிக் போபி, பிறர் எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொல்லச்சொல்ல, இடக்கண் இமையை அசைத்தே ஒரு நூலை எழுதி முடித்தார். பேரறிஞர் ஸ்டீபன் ஹோக்கிங் தமது இறுதிக் காலத்திற் கன்னத் தசையின் சிறு அசைவினாலேயே கணனியை இயக்கிப் பேசினார். உலகறிந்தோருக்கே இந்நிலையெனின் ஏனையோர் கதியைக் கூறவும் வேண்டுமோ?

2021 இற் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோப் பிரிவைச் சேர்ந்த எட்வேட் சாங் குழுவினர், பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பேச்சிழந்திருந்த ஒருவரை, 50 சொற்களைக் கொண்டு, நிமிடத்துக்கு 15 சொல் அளவிற் பேசச்செய்தனர். 2023 ஓகஸ்ட் மாதத்தில் அதே குழுவினர், 2005 இற் பேச்சிழந்த ஒரு பெண்மணியை 253 மின்வாய்களின் உதவியால் நிமிடத்துக்கு 78 சொல் வேகத்திற் பேசவைத்தனர். அவருடைய திருமணத்திற் பதிவான பேச்சிலிருந்து அவரது பழைய குரலே மீட்டெடுக்கப்பட்டது. எனினும் நான்கு சொல்லில் ஒன்று பிழைத்தது. 2024 இல் டேவிஸ் நகரப் பிரிவைச் சேர்ந்த டேவிட் பிராண்ட்மன், சேர்ஜி ஸ்டாவிஸ்கி ஆகியோரின் குழுவினர் வெளியிட்ட முடிவோ வியக்கத்தக்கது. 256 மின்வாய்கள், 125,000 சொற்கள், நூற்றுக்கு 97.5 சொற்கள் சரி. முதற் சொற்கள் திரையிலே தோன்றியபோது நோயாளி கண்ணீர் விட்டார் என்பர். ஐந்து ஆண்டுகளுக்குள் 50 சொல் 125,000 ஆயிற்று!

இம்முயற்சிகள் இன்னும் பரிசோதனை நிலையிலேயே உள்ளன. மண்டையோட்டைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சை வேண்டும். மேற்கூறிய மூன்று முயற்சிகளிலும் தலையிற் பொருத்திய இணைப்பிலிருந்து கணனிக்குக் கம்பி சென்றது. ஆயினும் இது வளரும் என்பதில் எமக்கு ஐயமில்லை. வளருமுன்னே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இவ்வாறு மீண்ட குரலுக்கு உடையவர் யார்? பேசுபவரா, கருவியை வைத்திருப்பவரா? உடையவர் பேசுபவரே எனின், அவ்வுடைமை நான்கு சோதனைகளுக்கு நின்றுபிடித்தல் வேண்டும்.

முதலாவது, பேசாதிருக்கும் உரிமை. 2025 ஓகஸ்டிலே ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு ஈண்டுக் கருதற்பாலது. நாவை அசைக்க முயலாது உள்ளத்துள்ளே மட்டும் சொல்லிக்கொள்ளும் சொற்களையும் நான்கு நோயாளரிடம் அவர்கள் கண்டறிய முயன்றனர். நூற்றுக்கு 74 சொல் வரை சரியாகக் கண்டறிந்தனர். அம்மட்டோ? திரையிலுள்ள உருவங்களை மனத்துள் எண்ணும்படி கூறியபோது, எவரும் சொல்லக் கேளாத அவ்வெண்களும் கருவிக்கு ஓரளவு புலப்பட்டன. ஆய்வாளர் இதன் ஆபத்தை உணர்ந்து, உட்பேச்சைப் புறக்கணிக்கக் கருவியைப் பழக்கினர். நோயாளி ஒரு மறைசொற்றொடரை உள்ளத்திலே நினைத்தாலன்றி அவரது உட்பேச்சைக் கருவி கேளாதவாறும் செய்தனர். அவர்களைப் பாராட்டுகின்றோம். ஆயின் ஆய்வாளரின் நல்லெண்ணம் சட்டம் ஆகாது.

நமது 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பை எடுத்து நோக்குக. 10 ஆம் உறுப்புரை தரும் சிந்தனைச் சுதந்திரத்துக்கு அரசு எல்லை வகுக்க இயலாது. 14 ஆம் உறுப்புரை தரும் பேச்சுச் சுதந்திரத்துக்கோ 15 ஆம் உறுப்புரை எல்லை வகுக்க இடமளிக்கின்றது. எண்ணம் கட்டற்றது, பேச்சு கட்டுக்குட்பட்டது எனப் பிரித்த சட்டவல்லுநர், இரண்டுக்குமிடையே உதடு என்னும் கதவு எக்காலமும் நிற்கும் என நம்பினர். அக்கதவைத் தாண்டும் கருவி இன்று வந்துவிட்டது. கிணற்று நீர் அனைத்தும் வாய்க்காலிற் பாய்வதற்கல்ல. எப்பொழுது எவ்வளவு பாயவேண்டும் என்பதை மடையைத் திறப்பவனே முடிவுசெய்வான். மடை பேசுபவரின் கையில் இருத்தல் வேண்டும். பொலிசாரோ, முதலாளியோ, வைத்தியரோ, பெற்ற பிள்ளையோ அதிற் கைவைத்தலாகாது.

இரண்டாவது, தமது சொல்லையே பேசும் உரிமை. இக்கருவி மூளையிலிருந்து முழுச்சொல்லை அப்படியே எடுத்துத் தருவதன்று. ஒலித்துண்டுகளை ஊகித்து, அவற்றிலிருந்து எச்சொல் வரக்கூடும், அதற்கடுத்து எது வரக்கூடும் என மொழிவழக்கைக் கொண்டு கணித்தே வாக்கியத்தை அமைக்கின்றது. எனவே வாக்கியத்தின் ஒரு பகுதி நோயாளியுடையது. ஒரு பகுதி கணனியின் ஊகம். நூற்றுக்கு 97.5 சரியெனின் நாற்பது சொல்லில் ஒன்று பிழை. வீட்டுப் பேச்சுக்கு அது பெரிதன்று. ஆயின் மரணசாசனத்திலே அப்பிழைச் சொல் 'மூத்தவன்' என்றோ 'இளையவன்' என்றோ இருந்துவிட்டால்? சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் கேட்குமிடத்து 'வேண்டும்' என்பது 'வேண்டாம்' ஆகிவிட்டால்? தலையசைத்த பெண்ணின் சைகையை நேரிற் கண்டவர் நீதிமன்றத்திற் குறுக்கு விசாரணைக்கு உட்படுவர். ஊகிக்கும் கணனியை எவர் குறுக்கு விசாரணை செய்வார்? ஆதலின் சட்ட விளைவுள்ள எவ்வுரையையும், பேசியவர் மீண்டும் கண்ணசைவாலோ வேறு வழியாலோ உறுதிசெய்தாலன்றி அவருரையாகக் கொள்ளலாகாது என விதிக்க வேண்டும்.

மூன்றாவது, மீண்ட குரல் மீண்டும் பறிபோகாதிருக்கும் உரிமை. இஃது வீண் அச்சமன்று. பார்வையிழந்தோர் 350 பேருக்கு மேற்பட்டோரின் கண்ணுள் விழித்திரைக் கருவி பொருத்திய அமெரிக்க நிறுவனமொன்று, பின்னர் அக்கருவியைக் கைவிட்டது. பழுதானாற் பார்ப்பாரின்றி அவர்கள் தவித்ததை 2022 இல் உலகம் அறிந்தது. வலிப்பு நோயை முன்னறிவிக்கும் கருவியை மூளையிற் கொண்டிருந்த அவுஸ்திரேலியப் பெண்மணியொருவர், அதைத் தந்த நிறுவனம் நிதியின்றி வீழ்ந்ததும், தாம் விரும்பாதிருந்தும் கருவியை இழக்க நேர்ந்தது. குத்தகைக் காணியிலிருந்து குடியானவனை வெளியேற்றுவதற்கும் அறிவித்தல் வேண்டும், தவணை வேண்டும், நீதிமன்றக் கட்டளை வேண்டும். மனிதனின் குரலை எடுத்துச்செல்வதற்கு ஒரு கம்பனியின் வங்கிக் கணக்கு வற்றினாற் போதுமா?

நான்காவது, தாய்மொழியிற் பேசும் உரிமை. மேற்கூறிய வெற்றிகள் ஆங்கிலத்திற் கிடைத்தவை. ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்டு, ஆங்கிலத்தைப் பின்னர் கற்ற ஒருவர், இரு மொழியிலும் பேசக்கூடிய கருவியை எட்வேட் சாங் குழுவினர் 2024 இல் வெளியிட்டனர். மொழிகளுக்கு இது வேற்றுமை பாராட்டும் வித்தையன்று என்பதற்கு இதுவே சான்று. ஆயினும் ஒவ்வொரு மொழிக்கும் அதன் ஒலிகளும் சொற்றொடர்களும் பேருந்தொகையாகத் திரட்டப்பட்டிருத்தல் வேண்டும். லகர ளகர ழகரங்களைப் பிரித்தறியாத கருவி, தமிழ்த் தாயொருத்தியின் வாயிற் 'கிழி' என்பதைக் 'கிளி' ஆக்கிவிடும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் வழங்கும் பேச்சைப் பதிந்து திரட்டும் பணியை நமது பல்கலைக்கழகங்களன்றி வேறெவர் செய்வர்?

'கருவி இன்னும் நம் நாட்டுக்கு வரவில்லை, அதற்குள் சட்டமா? விஞ்ஞானத்தின் காலில் விலங்கிடுவதா?' எனச் சிலர் வினவக்கூடும். வேலிச் சண்டை வழக்குகளாற் பிழைப்பு நடத்தும் தொழிலினர் நாம். எல்லைக்கல் நாட்டாத காணியில் என்ன நிகழும் என்பதை நாம் நன்கறிவோம். பயிர் வளர்ந்தபின் கல் நாட்டப் புகுந்தால் இரத்தம் சிந்தும். மேலும், எல்லை தெளிவாயிருந்தாலன்றோ நோயாளி அச்சமின்றித் தலையைக் கொடுப்பார்?

பிற நாடுகள் வாளாவிருக்கவில்லை. சிலி நாடு 2021 இலேயே அரசியலமைப்பைத் திருத்தி, மூளையின் செயற்பாட்டுக்கும் அதனின்று பெறும் தகவலுக்கும் காப்பளித்தது. 2023 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், தலையில் அணியும் கருவியினூடாக முன்னாள் செனற்றர் ஒருவரிடம் திரட்டிய மூளைத் தரவுகளை அழித்துவிடுமாறு ஒரு நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. அமெரிக்காவின் கொலராடோவும் கலிபோர்னியாவும் 2024 இல் நரம்புத் தரவுகளைத் தம் சட்டங்களிற் சேர்த்தன. யுனெஸ்கோ 2025 நவம்பரில் நரம்புத் தொழினுட்ப ஒழுக்கநெறி பற்றிய பரிந்துரையை ஏற்றது. நமது 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ உடல்நலத் தரவுகளையும் மரபணுத் தரவுகளையும் பெயர் குறித்துக் காக்கின்றது. மூளைத் தரவுகளைப் பெயர் குறிக்கவில்லை. ஒரு வரியாற் சேர்க்கக்கூடிய திருத்தத்துக்கு நமது பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் ஒரு பிரேரணையேனும் கொண்டுவரலாகாதா?

சட்டத்துக்குக் காத்திராது இன்றே செய்யத்தக்கனவும் உள. இயக்க நரம்பணு நோய் கண்டோரின் குரலை, அது கெடுமுன்னரே பதிந்துவையுங்கள். பிற்காலத்தில் அவருடைய குரலை மீட்பதற்கு அதுவே வித்து. பாரிசவாதத்தாற் படுத்திருக்கும் தந்தையின் காணியை அவர் முன்னிலையிலேயே பங்கிட்டுப் பேசும் வீடுகளை நாம் கண்டிருக்கின்றோம். நாவற்றவர் அறிவற்றவர் அல்லர். ஓர் அட்டையில் உயிரெழுத்தையும் மெய்யெழுத்தையும் எழுதி, விரலால் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி, 'ஐயா, இதுவாயின் கண்ணை மூடுங்கள்' என்று கேளுங்கள். அதற்கு மின்வாயும் வேண்டாம், பெரும்பணமும் வேண்டாம். கேட்பவருக்குப் பொறுமை ஒன்றே வேண்டும்.

பேச்சிழந்தவருக்குக் குரலை மீட்டுக்கொடுப்பது தருமமன்று. அவருடைய உடைமையை அவரிடம் ஒப்படைத்தலேயாகும். ஒப்படைப்போர் அதில் ஒரு பங்கைத் தமக்கென வைத்துக்கொள்ளலாகாது. பேசும் உரிமையோடு பேசாதிருக்கும் உரிமையும் சேர்ந்தே உறுதியில் எழுதப்படுதல் வேண்டும். அவ்வுறுதியை எழுதும் காலம் இதுவே.