குமிழி எங்கே வருகிறது?



சைக்கிளில் காற்று நிற்கவில்லை என்று கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் என்ன செய்கிறார்? ட்யூபை வெளியே எடுத்து, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிப் பார்க்கிறார். குமிழி வரும் இடத்தில்தான் ஒட்டுப் போடுகிறார். குமிழியைத் தேடாமல் கண்ட இடத்தில் ஒட்டுப் போடுகிறவரிடம் நீங்கள் மறுமுறை போவீர்களா?

ஆனால் கணிப்பொறி என்று வந்துவிட்டால், நம்மில் பலர் குமிழியைத் தேடுவதே இல்லை. ‘அணைத்துவிட்டுத் திரும்பப் போடு’ என்பதே நமக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். இந்தப் பழக்கம் தவறானது என்பது என் கருத்து. ஏன் என்பதற்கு, நான் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

ஓர் அலுவலகத்திலிருந்து வேறொரு நிறுவனத்துக்கு விலைப்புள்ளி அனுப்ப வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலைதான் கடைசி நேரம். இளம் எழுத்தர் ஒருவர் புதன்கிழமையே அதை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார். வெள்ளி மாலை வரை அது போய்ச் சேரவில்லை. ‘நீ அனுப்பவே இல்லை’ என்று பழி அவர் தலையில் விழுந்தது. அஞ்சல் சர்வரை இரண்டு முறை அணைத்துப் போட்டார்கள், கம்பியை மாற்றினார்கள். மற்ற இடங்களுக்கெல்லாம் அஞ்சல் போயிற்று. அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் போகவில்லை.

இது எப்படி நேரும்? கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்ணால்தான் அறிகின்றன. நாம் சொல்வதோ பெயர். பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தரும் ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் முதலில் இந்த ஏற்பாடு இல்லை. எல்லாக் கணிப்பொறிகளின் பெயரும் எண்ணும் ஒரே பட்டியலில் இருந்தன. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அதைப் பராமரித்தது. மற்றவர்கள் பிரதி எடுத்து வைத்துக்கொண்டார்கள். கணிப்பொறிகள் பெருகப் பெருகப் பட்டியல் நீண்டது, பிரதிகள் பழசாயின. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் புதிய முறை ஒன்றை வகுத்தார். ஒரு பெயருக்கு உரியவரே அதன் விவரத்தை வைத்திருக்க வேண்டும். தேவைப்படுகிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விடையோடு அதன் ஆயுளும் விநாடிக் கணக்கில் வரும். 3600 என்றால் ஒரு மணி நேரம். அதன் பிறகு புதிதாகக் கேட்க வேண்டும்.

அஞ்சலுக்கென்று தனிக் குறிப்பு ஒன்று உண்டு. அது எம்.எக்ஸ். ‘இந்தப் பெயருக்கு வரும் அஞ்சலை இன்ன கணிப்பொறி வாங்கிக்கொள்ளும்’ என்று அது சொல்லும். அந்தக் குறிப்பு இல்லையென்றால், பெயருக்கு நேராக உள்ள எண்ணின் கதவையே அஞ்சல் சர்வர் தட்டும்.

மறுநாள் பழுது பார்க்க ஒரு பெண் பொறியாளர் வந்தார். அவர் எதையும் அணைக்கவில்லை. முதலில் சர்வரின் பதிவேட்டைப் படித்தார். ‘இன்ன எண்ணை அழைத்தேன், பதில் இல்லை’ என்று அதில் இருந்தது. அந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டார். அந்த நிறுவனத்தின் எம்.எக்ஸ். எது என்று அலுவலகத்தின் டி.என்.எஸ். சர்வரைக் கேட்டார். ‘இல்லை’ என்றது. அதே கேள்வியை வெளியே உள்ள ஒரு டி.என்.எஸ். சர்வரிடம் கேட்டார். ‘உண்டு’ என்றது. அந்த நிறுவனத்தின் சொந்தச் சர்வரும் அதே விடையைத் தந்தது. ஆக, குமிழி வந்த இடம் அலுவலகத்தின் டி.என்.எஸ். சர்வர்!

அதைத் திறந்து பார்த்தபோது விஷயம் விளங்கியது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அந்த நிறுவனத்தின் இணையதளம் திறக்கவில்லை. யாரோ அதன் எண்ணைக் கையால் எழுதி வைத்தார்கள். தளம் திறந்தது, எல்லாரும் பாராட்டினார்கள். ஏன் திறக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை; செய்ததைக் குறித்து வைக்கவுமில்லை. அந்நாளில் அஞ்சலையும் அதே கணிப்பொறியே வாங்கியதால் தொல்லை தெரியவில்லை. அண்மையில் அந்த நிறுவனம் அஞ்சலை வேறு கணிப்பொறிக்கு மாற்றி, எம்.எக்ஸ். குறிப்பையும் முறைப்படி மாற்றியது. இந்த அலுவலகம் மட்டும் பழைய கதவையே தட்டிக்கொண்டிருந்தது. அடுத்தவருடைய விவரத்துக்குப் பழைய பிரதி வைத்துக்கொள்ளும் அதே ஆர்ப்பாநெட் காலத்துத் தொல்லைதான்!

கையெழுத்துக் குறிப்பை நீக்கியதும் அஞ்சல் சற்று நேரத்தில் போய்ச் சேர்ந்தது. எழுத்தர் புதன்கிழமையே அனுப்பியதற்குப் பதிவேடே சாட்சி சொன்னது. பழி நீங்கியது, ஆனால் விலைப்புள்ளியின் நாள் கடந்துவிட்டது. அஞ்சல் ஏன் உடனே திரும்பி வரவில்லை என்று கேட்பீர்கள். இத்தகைய தடங்கல் தற்காலிகமானதாக இருக்கலாம் என்று கருதி, அஞ்சல் சர்வர் பொதுவாக நான்கைந்து நாள் வரை மீண்டும் மீண்டும் முயலும்.

‘அணைத்துப் போட்டால் பல சமயம் சரியாகிவிடுகிறதே!’ என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். நினைவில் வைத்திருந்த பழைய விடைகளை மறந்து கணிப்பொறி புதிதாகக் கேட்பதால் அப்படி நேர்வதுண்டு. ஆனால் தவறான விடை எது, எங்கிருந்து வந்தது என்பதற்கான தடயமும் அதோடு அழிந்துவிடுகிறது. நாளை அதே பழுது வந்தால் நமக்கு ஒன்றும் தெரிந்திராது. அவசரத்தில் அணைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அதற்கு முன் திரையில் கண்டதையாவது எழுதி வையுங்கள்.

ஒரு சமயத்தில் ஒரு கேள்வி. ஒரு சமயத்தில் ஒரு மாற்றம். செய்ததற்குத் தேதியோடு குறிப்பு. சோதனைச்சாலையில் ஊசலின் நீளத்தை மாற்றும்போது குண்டை மாற்றாமல் இருக்கிறோமே, அதே நியதிதான் இது. பழுது பார்ப்பது கைவேலை மட்டுமல்ல, அதுவும் விஞ்ஞானமே.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சோதனையில் சரியான விடை வந்தவருக்கு மதிப்பெண் தருகிறீர்கள். தவறான விடை ஏன் வந்தது என்று தேடிக் கண்டுபிடித்து எழுதும் மாணவருக்கும் தாருங்கள். அந்த எழுத்தரைப் போன்ற ஒருவரை வீண்பழியிலிருந்து மீட்கும் அறிவு, நாளை அந்த மாணவரிடம்தான் இருக்கும்.