பதினான்கு கிழங்கள்

டெல்லி ஓக்லாவில் அட்டைப்பெட்டி தயாரிக்கிறார் நண்பர். அவர் ஆபீசில் 14 கம்ப்யூட்டர்கள். இருப்பதில் இளையதற்கே வயது பத்து. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோனதும் இந்தக் கிழங்களின் கதி கேள்விக்குறியானது. விண்டோஸ் 11, இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சில்லுகளை அநேகமாக ஏற்பதில்லை. பணம் கட்டித் திருத்தங்களைப் பெறலாம்தான். நிறுவனங்களுக்கு முதல் வருடம் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு 61 டாலர். பிறகு வருடந்தோறும் இரட்டிப்பு. மூன்று வருடத்துக்கு மேல் கிடையாது.

"பதினாலையும் மாற்றுங்கள்" என்றார் நேரு பிளேஸ் வியாபாரி. வேறென்ன சொல்வார்? என்ஜினீயரிங் படித்த மகனின் யோசனை வேறு: சக்தி வாய்ந்த ஒரே ஒரு சர்வர். அதற்குள் சாஃப்ட்வேர் மூலம் 14 கம்ப்யூட்டர்கள். பழைய இயந்திரங்கள் வெறும் திரையும் கீபோர்டுமாக மேஜையில் இருந்தால் போதும்.

வர்ச்சுவலைசேஷன் என்ற இந்த வித்தை புதிதல்ல. ஐ.பி.எம். தன் மெயின்ஃப்ரேம்களுக்கு 1972-லேயே இதை அறிவித்தது. இன்று பிராக்ஸ்மாக்ஸ் போன்ற சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. நண்பர் 64 ஜி.பி. நினைவகத்துடன் பழைய சர்வர் ஒன்றை வாங்கினார். முதல் நாள் இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். பிரமாதம்.

ஆனால் கல்யாண வீட்டுச் சமையலை இரண்டு பேருக்குப் பரிமாறி மதிப்பிட முடியுமா? ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கலுக்குக் கெடுவான 20-ம் தேதியை ஒட்டி எல்லோரையும் ஏற்றிப் பாருங்கள் என்றேன். காலை ஒன்பதரைக்கு 14 பேரும் ஒரே சமயத்தில் ஆன் செய்ய, ஹார்ட் டிஸ்க் மூச்சுத் திணறியது. எஸ்.எஸ்.டி. மாட்டியதும் அது சரியானது. டிஜிட்டல் கையொப்பத்துக்கான யு.எஸ்.பி. டோக்கனை மேஜையில் செருகினால் சர்வருக்குள் இருக்கும் விண்டோஸுக்குத் தெரியவில்லை. அரை நாள் போயிற்று. மத்தியானம் மகன் வேண்டுமென்றே சர்வரை அணைத்தார். முன்பெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் படுத்தால் ஒருவர் டீ குடிக்கப் போவார். அன்று பதினான்கு பேரும் போனார்கள்.

அதைவிடப் பெரிய இடி லைசென்ஸ். கம்ப்யூட்டரோடு வந்த விண்டோஸ் உரிமை சர்வருக்குள் குடியேறாது. தொலைவிலிருந்து பயன்படுத்த ஒவ்வொரு மேஜைக்கும் தனிச் சந்தா. இலவச சாஃப்ட்வேரில் மிச்சம் பிடித்ததை இது விழுங்கிவிடும். திரையாக நிற்கும் பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10-ஐ அப்படியே விட்டால் ஆபத்தும் போகாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

யார் எதைத் திறக்கிறார்கள் என்று அந்த ஒரு வாரத்தில் மகன் குறித்து வைத்திருந்தார். எட்டுப் பேருக்கு ஈமெயிலும் இ-வே பில்லும்தான் வேலை. அவர்களுக்கு பிரவுசர் போதும், சர்வரே வேண்டாம். பழைய இயந்திரத்திலேயே லினக்ஸ் போட்டாயிற்று. அக்கவுன்ட்ஸுக்கும் டிசைனுக்கும் நான்கு புதிய கம்ப்யூட்டர்கள். மீதி இரண்டில் ஓடிய பெட்டி வெட்டும் இயந்திரத்தின் சாஃப்ட்வேர் விண்டோஸ் 7-ஐத் தாண்டி வராது. அதை மட்டும் சர்வருக்குள், இன்டர்நெட் வாசனையே படாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

புது கம்ப்யூட்டர் வந்தும் அக்கவுன்டன்ட் தன் பழைய கீபோர்டை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.