பட்டியல் விலையும் பக்கவாதமும்

பக்கவாதம் நாள் பார்த்து வருவதில்லை; வந்தபின் நேரம் தருவதுமில்லை. முதலில் ஸ்கேன் எடுத்து, மூளையில் அடைப்பா, இரத்தக் கசிவா என்று அறிய வேண்டும். அடைப்பானால், கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்திற்குள் ஏற்ற வேண்டும். பிறகு தீவிர சிகிச்சை. அதன் பிறகு பயிற்சி. மூட்டை தூக்கிய கை மீண்டும் சோற்றுக் கவளம் எடுக்க மாதங்கள் ஆகும், தோழர்களே!

இந்த நோய்க்கு டில்லி போட்ட விலை என்ன?

2018 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு வந்தது. குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்று முரசறைந்தார்கள். ஏழைக்கு அது பெருந்தொகை, மறுக்கவில்லை நாம். ஆனால் 5 லட்சம் என்பது உச்சவரம்பு. மருத்துவமனையின் கைக்கு வருவதோ பட்டியல் தொகை. அறுவை இல்லாத சிகிச்சைக்கு நாள் கணக்கில் தருகிறார்கள். செயற்கைச் சுவாசக் கருவி இல்லாத தீவிர சிகிச்சைப் படுக்கைக்கு நாளொன்றுக்கு 3,600 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். 2021 அக்டோபரில் அதை 8,500 ஆக்கினார்கள். ஒரே தாவலில் 136 விழுக்காடு!

உயர்த்தியதை வரவேற்கிறோம். ஆனால் கேட்கிறோம்: 8,500 நியாயம் என்றால், 3,600 எந்த ஊர் நியாயம்? இடைப்பட்ட மூன்றாண்டுகள் அந்தப் பள்ளத்தை நிரப்பியது யார்? நோயாளியிடம் கூடுதலாக வாங்கக் கூடாது என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் கட்டாத விலையைக் கையில் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்து வை என்றால், தனியார் மருத்துவமனை என்ன சொல்லும்? "படுக்கை இல்லை" என்றுதானே சொல்லும்? பாரமெல்லாம் அரசு மருத்துவமனையின் தலையில்தானே இறங்கும்?

இன்னொரு கணக்கும் உண்டு. வீடு திரும்பியபின் 15 நாள் வரையிலான மருந்துக்கும் பரிசோதனைக்கும் காப்பீடு பொறுப்பு. பதினாறாம் நாள்? புறநோயாளிச் செலவு இந்தத் திட்டத்தில் இல்லை. பக்கவாதக்காரனுக்கோ உண்மையான போராட்டமே அன்றுதான் தொடங்குகிறது. கூலி நின்றுவிட்டது, மருந்து நிற்கவில்லை!

தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', இயன்முறைப் பயிற்சியை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. மாநிலத்தால் ஆனது, மத்திய கஜானாவை வைத்திருப்பவர்களால் ஆகாதா?

நாம் கேட்பது சலுகை அல்ல. ஆண்டுதோறும் உண்மைச் செலவைக் கணக்கிட்டுத் தொகையை நிர்ணயிக்கட்டும். நோயாளி எழுந்து நடக்கும்வரை பயிற்சிக்கும் மருந்துக்கும் காப்பீடு நீளட்டும். அரசு மருத்துவமனைகளுக்கு ஸ்கேனும் ஆளும் தரட்டும்.

பட்டியலில் கையெழுத்திட்ட கை டில்லியில் நலமாக இருக்கிறது. செயலிழந்த கை குடிசையில் கிடக்கிறது. அந்தக் கைக்காகவே கேட்கிறோம், கிடைக்கும்வரை கேட்போம்!