பெட்டியில் அச்சிட்ட வேகம் போதுமா?

இணையச் சேவை அளிக்கும் சிறு நிறுவனத்தார் பலர் கணிப்பொறிக்குச் செயலியையும் நினைவகத்தையும் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். கம்பியைச் செருகும் பிணைய அட்டை என்று வரும்போது மட்டும், "எல்லாம் 1 கிகாபிட்தானே!" என்று விலை குறைந்ததை எடுத்துவிடுவார்கள். இது தவறான சிக்கனம் என்பது என் கருத்து.

கம்பியில் தகவல் ஆறுபோல் ஓடுவதில்லை. பொட்டலம் பொட்டலமாகச் செல்கிறது. 1973இல் ராபர்ட் மெட்காஃப் முன்வைத்த ஈதர்நெட் முறை இன்று வளர்ந்துள்ள வடிவில் மிகச் சிறிய பொட்டலம் 64 பைட். வழக்கமான பெரியது 1518 பைட். ஒவ்வொன்றுக்கும் இடையே 20 பைட் அளவு இடம் வேண்டும். இனி நீங்களே கணக்குப் போடுங்கள். விநாடிக்கு 100 கோடி பிட் செல்லும் கம்பியில் பெரிய பொட்டலங்கள் ஏறத்தாழ 81,000 செல்லும். சிறியவை என்றால்? 14 லட்சத்து 88 ஆயிரம்! வேகம் ஒன்றே, வேலையோ பதினெட்டு மடங்கு.

திரைப்படம் அனுப்பும் கணிப்பொறியிலிருந்து செல்பவை பெரிய பொட்டலங்கள். ஆனால் இணைய முகவரிகளைத் தேடித் தரும் பெயர்ச் சேவைக் கணிப்பொறிக்கு வருபவை சிறியவை. அது திணறினால், கம்பி நன்றாக இருந்தும் ஊருக்கே இணையம் அற்றுப்போனதுபோல் ஆகிவிடும். தேர்வு முடிவு பார்க்கும் மாணவனுக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரியும்?

தபால்காரர் ஒவ்வொரு கடிதத்துக்கும் தனித்தனியே கதவைத் தட்டினால் என்ன ஆகும்? எழுந்துபோய் வாங்குவதிலேயே பொழுது போய்விடும். கடிதத்தைப் படிக்க நேரம் இராது. செயலிக்கும் இதே கதி நேர்வதை மொகுல், ராமகிருஷ்ணன் என்னும் இருவர் 1996இல் ஆராய்ந்து, மாற்று வழியும் கூறினார்கள். நல்ல அட்டை பொட்டலங்களைச் சேர்த்துவைத்து ஒருமுறை தட்டும். பிழை சரிபார்க்கும் கூட்டலையும் தானே செய்யும். இன்டெல் ஐ350 அட்டையில் ஒரு வாயிலுக்கு 8 வரிசைகள் உண்டு. ஆகவே செயலியின் பல உட்கருக்கள் வேலையைப் பங்கிட்டுக்கொள்ள முடியும். முன்பு மலிவுக்குப் பெயர்பெற்ற ரியல்டெக் 8139 சில்லோ, வந்ததையெல்லாம் ஒரே வளைய நினைவகத்தில் கொட்டிவிடும். அவற்றை எடுத்து வேறிடத்தில் நகலெடுக்கும் பாரம் செயலியின் தலையில் விழும். வீட்டுக் கணிப்பொறிக்கு அது போதுமானதாகவே இருந்தது. அங்கே அதைக் குறைகூறுவது நியாயமன்று.

பணம் குறைவு என்றால்? பெரிய நிறுவனங்கள் கழித்த தரமான அட்டைகள் பழைய சந்தையில் கிடைக்கின்றன. புதிய மலிவு அட்டையைவிட அவற்றையே நான் விரும்புவேன். போலிகளும் உலவுவதால் நம்பத்தக்கவரிடம் வாங்கவேண்டும். நாம் பயன்படுத்தும் இயக்க அமைப்பில் அந்த அட்டைக்கான இயக்கி நிரல் ஏற்கெனவே உள்ளதா என்றும் பார்க்கவேண்டும். பிறகு 64 பைட் பொட்டலங்களை ஓர் இரவு முழுவதும் அதன்மேல் பொழிந்து, எத்தனை தவறின என்று எண்ணிப் பார்த்த பின்பே சந்தாதாரரை இணைக்கலாம்.