மேடையில் நிற்பவர் யார்?

ஜவ்வாது மலையின் காவலூரில் 1986-ஆம் ஆண்டு 2.3 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. அந்த வானாய்வு மையத்தை நடத்துவது இந்திய வானியற்பியல் நிறுவனம். ஆராய்ச்சி மாணவர்களை உருவாக்கும் இந்நிறுவனத்தின் இயக்குநராக 2019-இல் அன்னபூரணி சுப்பிரமணியம் பொறுப்பேற்றார். அப்பொறுப்பை ஏற்ற முதல் பெண் அவரே.

ஏன் இத்தனை தாமதம்? 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டு உயர்கல்வி ஆசிரியர்களில் பெண்கள் ஏறத்தாழ 43 விழுக்காடு. ஆனால் எல்லாத் துறையிலும் நிலைமை ஒன்றல்ல. செவிலியர் கல்லூரியில் பேராசிரியை என்றால் யாரும் வியப்பதில்லை. எந்திரப் பொறியியல் வகுப்பில் என்றால் திரும்பிப் பார்க்கிறோம்.

திறமையை எடைபோடுவதிலும் பாகுபாடு உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில், ஆசிரியரின் முகம் தெரியாத இணையவழி வகுப்பில் பெயர்களை மாற்றிவைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2014-இல் அதன் முடிவு வெளியானது. ஆண் பெயருக்கே மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் அளித்தனர்!

திரு அவை வரலாற்றிலும் நமக்குப் பாடம் உண்டு. 1732-இல் இத்தாலியின் பொலோஞா பல்கலைக்கழகம் லாரா பாஸி என்ற பெண்ணுக்கு ஆசிரியப் பணி அளித்தது. பெண் என்பதால் பொது வகுப்புகளில் கட்டுப்பாடு விதித்தனர். அவரோ வீட்டிலேயே இயற்பியல் கற்பித்தார். பின்னாளில் திருத்தந்தை 14-ஆம் பெனடிக்டாக விளங்கிய லம்பெர்த்தினி அவருக்குத் துணைநின்றார்.

“பொம்பளப் பிள்ளைக்கு இந்தப் படிப்பு எதுக்கு?” என்று நம் வீடுகளில் இன்றும் கேட்கிறோம். மலைக் கிராமத்துச் சிறுமியும் இதைக் கேட்டே வளர்கிறாள். நாளை விண்மீன்களைப் பற்றிக் கற்பிக்கப்போகிறவளை இன்று நாமே தடுக்கிறோமா? சிந்திப்போம்.